லா கிளார்க் பணியில் சேரும் முன் பழக வேண்டிய தளம்: இ-எஸ்சிஆர் ஒரு மதிப்பீடு

நீதிபதி ஒருவரிடம் லா கிளார்க்காக, அதாவது வழக்குகளைப் படித்துக் குறிப்பெழுதி உதவுபவராக, சேர ஆணை பெற்றவர்கள், சேரும் நாளுக்கு முன் எதைத் தயார் செய்துகொள்வது என்று மூத்தவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் கட்டணத் தரவுத்தளம் ஒன்றின் சந்தாவாகவோ இணையவழிப் பயிற்சி வகுப்பாகவோ இருக்கிறது. அவை இரண்டுக்கும் முன்பாக, கைக்காசு செலவழிக்காமல் பழகிக்கொள்ள வேண்டிய சேவை ஒன்று இருக்கிறது. அதுதான் உச்ச நீதிமன்றமே நடத்தும் இ-எஸ்சிஆர் தளம். ஒரு தீர்ப்பைக் கண்டெடுப்பதற்கும், அதன் அதிகாரபூர்வ வாசகத்தைப் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுவதற்கும் இதைவிட நம்பகமான இடம் இல்லை என்பது என் மதிப்பீடு. ஆனால் கண்டெடுத்த தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா என்ற கேள்விக்கு இத்தளம் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. அந்தப் பாதி வேலையை வாசிப்பவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வழக்கறிஞருக்கு அது குறை. லா கிளார்க் ஆகப் போகிறவருக்கோ அதுவே பயிற்சி.

எஸ்சிஆர் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் அதிகாரபூர்வத் தொகுப்பு. 1950 முதல் வெளிவருகிறது. நெடுங்காலம் நூலக அலமாரியில் தடித்த தொகுதிகளாக மட்டுமே இருந்த இதனை, 2023 ஜனவரி 2 அன்று, அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது ஏறத்தாழ 34,000 தீர்ப்புகள் அதில் இருந்தன. தேடும் வசதியைத் தேசியத் தகவலியல் மையத்தின் புனே பிரிவு உருவாக்கித் தந்தது. 2024 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் வைர விழாத் தொடக்கத்தில் இதன் அடுத்த கட்டமான டிஜி எஸ்சிஆர் வெளியிடப்பட்டது. 519 தொகுதிகளும் அவற்றிலுள்ள 36,308 வழக்குகளும் யாவரும் படிக்கும்படி மின்வடிவில் கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பயன்படுத்தக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. கேப்ச்சா எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் தேடலைத் தொடங்கிவிடலாம்.

இந்தச் சேவையை யாருக்காக மதிப்பிடுகிறேன் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. உச்ச நீதிமன்றத்தில் இப்பதவி சட்ட எழுத்தர் மற்றும் ஆராய்ச்சி உதவியாளர் என்று அழைக்கப்படுகிறது. 20 முதல் 32 வயது வரையிலான சட்டப் பட்டதாரிகளும் இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். கொள்குறி வினாத் தேர்வு, விரித்தெழுதும் தேர்வு, நேர்காணல் என மூன்று கட்டங்கள் உண்டு. 2025–26ஆம் ஆண்டுக்கான அறிவிக்கையில் மாதத் தொகுப்பூதியம் 80,000 ரூபாய் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதையொத்த பணியிடங்கள் ஆராய்ச்சி சட்ட உதவியாளர் என்ற பெயரில் நிரப்பப்படுகின்றன. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இத்தளம் பயன்படும் என்றாலும், நான் எழுதுவது தேர்வை முடித்துவிட்டுச் சேரும் நாளுக்காகக் காத்திருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான்.

அவர்களுக்குக் காத்திருக்கும் வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கருவியையும் எடைபோட முடியாது. உச்ச நீதிமன்றத்தில் திங்களும் வெள்ளியும் புதிய மனுக்களை எடுத்துக்கொள்ளும் நாட்கள் என்பதும், இடைப்பட்ட மூன்று நாட்கள் விரிவான விசாரணைக்கு உரியவை என்பதும் நெடுநாள் வழக்கம். ஆகவே லா கிளார்க்கின் வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமையும்தான் கனத்த நாட்கள். ஓர் அமர்வின் முன் ஒரே நாளில் ஐம்பது, அறுபது மனுக்கள்கூடப் பட்டியலிடப்படுவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை அரசியல் சாசனத்தின் 136ஆவது பிரிவின் கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்கள், அதாவது மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்பவை. ஒவ்வொன்றுக்கும் சுருக்கம், தேதிப் பட்டியல், மனு எதிர்க்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, சட்டக் கேள்விகள், காரணங்கள், பி-1 என்று தொடங்கி எண்ணிடப்பட்ட இணைப்புகள் என்று ஒரு வழக்குக் கட்டு இருக்கும். அதைப் படித்து, நீதிபதி அமர்வில் உட்காரும் முன் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுப்பதுதான் முதல் வேலை. உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 90 நாட்களுக்குள் மனு வந்திருக்கிறதா, வராவிட்டால் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன என்பது அக்குறிப்பின் முதல் வரிகளிலேயே இருக்க வேண்டும்.

அந்தக் குறிப்பில் பொதுவாகச் சிக்கல் வரும் இடம் முன்தீர்ப்புகள்தான். மனுவின் காரணங்கள் பகுதியில் வழக்கறிஞர் ஐந்தாறு தீர்ப்புகளை அடுக்கியிருப்பார். அப்படி ஒரு தீர்ப்பு உண்மையில் இருக்கிறதா, அவர் சொல்வதைத்தான் அது சொல்கிறதா, எத்தனை நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது, பின்னர் எந்த அமர்வாவது அதை மாற்றியதா என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் கேட்டாக வேண்டும். முதல் மூன்று கேள்விகளுக்கும் இ-எஸ்சிஆர் தெளிவாகக் கை கொடுக்கிறது. முதல் கேள்வி முன்பெல்லாம் சம்பிரதாயமானதாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி இட்டுக்கட்டிய, எங்குமே வழங்கப்படாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்த பிறகு, மேற்கோள் இருக்கிறதா என்று பார்ப்பதே தனி வேலையாகிவிட்டது. அதிகாரபூர்வத் தொகுப்பின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் கொடுத்துப் பார்ப்பதைவிட விரைவான சோதனை இதற்கு வேறில்லை.

தேடும் வசதிகளைப் பற்றிச் சொல்வதானால், சொல் தேடல், கிடைத்த முடிவுகளுக்குள் மீண்டும் தேடல், வழக்கின் வகையும் ஆண்டும், நீதிபதியின் பெயர், தொகுதி எண், அமர்வில் இருந்த நீதிபதிகளின் எண்ணிக்கை எனப் பல வழிகள் தரப்பட்டிருக்கின்றன. இவற்றில் புதிதாகச் சேருபவர்கள் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடுவது கடைசி வசதியைத்தான். நான் இத்தளத்தை முதன்மையாகப் பரிந்துரைப்பதும் அதற்காகத்தான். உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் அனைத்து நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது 141ஆவது பிரிவு. ஆனால் உச்ச நீதிமன்றமே இரண்டும் மூன்றுமான நீதிபதிகள் கொண்ட பல அமர்வுகளாக உட்காருவதால், முரண்பட்ட இரண்டு தீர்ப்புகள் எதிரெதிரே நிற்கும்போது எது செல்லும் என்பதை முதலில் தீர்மானிப்பது தலைகளின் எண்ணிக்கைதான். தாவூதி போரா சமூக மத்திய வாரியம் தொடர்பான 2004 டிசம்பர் தீர்ப்பு இவ்விதியைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சம எண்ணிக்கை கொண்ட அமர்வு முந்தைய அமர்வின் கருத்தோடு உடன்படாவிட்டால் பெரிய அமர்வுக்கு அனுப்பலாமே தவிர, தானே மாற்றி எழுத முடியாது என்பதை 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பு மீண்டும் நினைவூட்டியது. எனவே ஒரு சட்டக் கேள்வியைத் தேடும்போது ஐந்து நீதிபதிகளோ அதற்கு மேலோ இருந்த அமர்வுகளிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி வருவதுதான் முறை. கட்டணத் தளங்களில் முடிவுகள் பொருத்தத்தின் வரிசையிலோ தேதியின் வரிசையிலோ குவிந்து கிடக்க, புதியவர் கண்ணில் முதலில் படுவது கடந்த மாதம் வந்த இருவர் அமர்வின் தீர்ப்பாகவே இருக்கும். அதையே குறிப்பில் எழுதிவிடும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இத்தளம் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை ஒரே எடுத்துக்காட்டில் காட்டிவிட முடியும். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 2017க்கு முன்பு வரை அரசுத் தரப்பு எவற்றை நம்பி வாதாடியது என்று தேடிப் பாருங்கள். 1954 எஸ்சிஆர் 1077ஆம் பக்கத்தில் எம்.பி. சர்மா வழக்கு கிடைக்கும். எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு. அடுத்து 1962 டிசம்பரில் முடிவான கரக் சிங் வழக்கு, ஆறு நீதிபதிகள். இவ்விரண்டு அமர்வுகளின் அளவைத் தளத்தின் உதவியோடு குறித்துக்கொண்ட மறுநொடியே, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கைத் தீர்க்க ஒன்பது நீதிபதிகள் ஏன் உட்கார வேண்டியிருந்தது என்பது யாரும் விளக்காமலே விளங்கிவிடும். இவ்வளவு தூரம் தளம் அருமையாக அழைத்து வருகிறது. ஆனால் எம்.பி. சர்மா வழக்கின் பக்கங்களை மட்டும் திறந்து வைத்திருப்பவருக்கு அந்த வழிகாட்டல் கிடைப்பதில்லை. அவை 1954ஆம் ஆண்டுத் தொகுதியின் பக்கங்கள். 2017இல் நடந்ததைப் பற்றி அவற்றில் ஒரு வரி இருக்க வாய்ப்பே இல்லை. தீர்ப்பின் பெயரையே சொல் தேடலில் இட்டு, அதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பெரிய அமர்விலிருந்து தொடங்கிப் பார்த்து வந்தால்தான் அது சாய்க்கப்பட்டது தெரியவரும்.

கட்டணத் தளங்களில் இதற்கென்று நிறக் குறிகள் உண்டே, அவற்றைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கும் கரக் சிங் வழக்கே சான்று. அந்தரங்க உரிமைக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு இல்லை என்று அது சொன்ன பகுதிதான் 2017இல் சாய்க்கப்பட்டது. இரவில் வீடு புகுந்து கண்காணிக்க உத்தரப் பிரதேசக் காவல்துறைக்கு அதிகாரம் தந்த விதியைச் செல்லாது என்று அதே தீர்ப்பு அறிவித்த பகுதி நிற்கிறது. சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு ‘மேற்கோள் செல்லாது’ என்று குறிப்பில் எழுதிய லா கிளார்க், நீதிபதியின் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். குறியே இல்லாத தளத்தில் பழகியவர் இரண்டு தீர்ப்புகளையும் படித்துவிட்டுத்தான் எழுதுவார், ஏனெனில் அவருக்கு வேறு வழியில்லை.

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, எண்ணை வைத்துத் தேடும் பழக்கம் உள்ளவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482ஆவது பிரிவு என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரும் மனுக்களெல்லாம் அதன் கீழ்தான் வந்தன. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த அதிகாரம் 528ஆவது பிரிவுக்குப் போய்விட்டது; 482ஆவது பிரிவில் இப்போது இருப்பது முன்ஜாமீன். தளத்தில் 482 என்று மட்டும் தேடினால் இரண்டும் கலந்தே வரும். பழைய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302ஆம் எண்ணுக்கும் இதே கதிதான். பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை 103ஆவது பிரிவில் இருக்கிறது, 302 என்பதோ மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடன் பேசுவதைப் பற்றியது. இது தளத்தின் குற்றமில்லை. ஆயினும் சட்டத்தின் பெயரையும் ஆண்டு வரம்பையும் சேர்த்துத் தேடும் பழக்கத்தைப் பணியில் சேரும் முன்பே கைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் அல்ல அது.

தீர்ப்புகள் அச்சிடப்படும் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டிலிருந்து வரும் எஸ்சிஆர் தீர்ப்புகளில், பரிசீலனைக்கு வந்த கேள்வி, தலைக்குறிப்பு (தீர்ப்பின் சுருக்கம்), மேற்கோள் காட்டப்பட்ட வழக்குகள், சட்டங்களின் பட்டியல், முக்கியச் சொற்கள், எந்த நீதிமன்றத்தின் எந்த ஆணையிலிருந்து வழக்கு எழுந்தது, யார் யாருக்காக யார் தோன்றினார்கள் என்ற தலைப்புகள் தீர்ப்புக்கு முன்பாகவே பிரித்துத் தரப்படுகின்றன. குறிப்பு எழுதப் பழகுபவருக்கு இது மிகவும் வசதியான ஏற்பாடு. தலைக்குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு தீர்ப்பை மட்டும் படித்து, பரிசீலனைக்கு வந்த கேள்வியைத் தாமே இரண்டு வரியில் எழுதி, பிறகு அச்சிலுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் அனுபவத்தில், புதியவர்கள் எழுதும் கேள்வி பெரும்பாலும் கட்சிக்காரர்களின் கதையைச் சுற்றியே வரும். அச்சிலுள்ள கேள்வியோ சட்டத்தின் ஒரு சொற்றொடரில் போய் நிற்கும். நான்கைந்து தீர்ப்புகளில் இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டால் கை தானாகத் திருந்தத் தொடங்கும்.

பழைய தொகுதிகளில் இப்படிப்பட்ட பிரிவுகள் இல்லை. தலைக்குறிப்பு மட்டும் உண்டு. அத்தலைக்குறிப்பு நீதிபதிகள் எழுதியதல்ல, பதிப்பாசிரியர்கள் தயாரித்தது என்பதை எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இருந்தும் அவசரத்தில் அதிலிருந்தே நகலெடுக்கும் பழக்கம் ஒழியவில்லை. கேசவானந்த பாரதி வழக்கை இதற்குச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்து நின்று தந்த 11 தனித்தனித் தீர்ப்புரைகளைக் கொண்டது அது. பெரும்பான்மையின் கருத்து என்று வெளியிடப்பட்ட சுருக்கத்தில்கூட ஒன்பது நீதிபதிகள்தான் கையெழுத்திட்டார்கள். அப்படிப்பட்ட வழக்கில் யார் எதை ஏற்றார்கள் என்பதைத் தலைக்குறிப்பை நம்பி ஒருவர் எழுதுவாரானால், அவருடைய குறிப்பை நம்பி ஒரு நீதிபதி எப்படி அமர்வில் உட்கார முடியும்?

மேற்கோள் காட்டும் முறையில் இத்தளத்துக்கே உரிய ஒரு நன்மை உண்டு. எஸ்சிஆர் பக்கங்களின் ஓரத்தில் ஏ முதல் எச் வரையிலான எழுத்துகள் மேலிருந்து கீழாக அச்சிடப்பட்டிருக்கும். மேனகா காந்தி வழக்கை 1978ஆம் ஆண்டின் இரண்டாம் தொகுதி, 621ஆம் பக்கம் முதல் என்று காட்டிவிட்டு, குறிப்பிட்ட வாசகம் எந்தப் பக்கத்தில் எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்பதுவரை சுட்டிவிடலாம். பத்தி எண்கள் அப்படிப்பட்டவை அல்ல. பழைய தீர்ப்புகள் பலவற்றில் நீதிமன்றம் பத்திகளுக்கு எண் இடவில்லை. தனியார் தொகுப்புகள் தாமாக எண்ணிட்டுக்கொண்டன. நீதிமன்றத்தின் தீர்ப்பு வாசகம் பொதுச் சொத்து, ஆனால் பதிப்பாளர் தம் உழைப்பால் பத்தி பிரித்து எண்ணிட்டது போன்றவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இதையொட்டித்தான். ஆகவே மனுவில் 43ஆவது பத்தி என்று இருந்தால், அது எந்தத் தொகுப்பின் 43 என்று முதலில் கேட்க வேண்டும். எஸ்சிஆர் பக்கத்தையும் ஓர எழுத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் எழாது. 2023 முதல் ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஆண்டு, ஐஎன்எஸ்சி, வரிசை எண் என்ற அமைப்பில் உச்ச நீதிமன்றம் நியூட்ரல் சைட்டேஷன் வழங்கி வருவதால், எந்தப் பதிப்பையும் சாராத அந்த எண்ணையும் குறிப்பில் சேர்ப்பது இப்போது நல்ல வழக்கமாக ஆகியிருக்கிறது. ஓர எழுத்துகளால் ஒரு சிறு தொல்லையும் உண்டு. ஸ்கேன் செய்யப்பட்ட பக்கத்திலிருந்து வாசகத்தை நகலெடுக்கும்போது அவை வரிகளுக்கு நடுவே புகுந்துகொள்ளக்கூடும். நகலெடுத்து ஒட்டியதை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நலம். பழைய அச்சின் தெளிவு குறைந்த பக்கங்களில் சொல் தேடல் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு சொல்லுக்கு முடிவு வரவில்லை என்பதை வைத்து, அப்படி ஒரு தீர்ப்பே இல்லை என்று முடிவுகட்டுவது சரியாகாது. பெயர், தொகுதி, ஆண்டு ஆகிய மற்ற வழிகளிலும் பார்த்துவிட வேண்டும்.

தளத்தில் இல்லாதவை எவை என்பதைத் தெரிந்து வைத்திருப்பதும் முக்கியம். எஸ்சிஆரில் வருவன, தொகுப்பில் வெளியிடத் தக்கவை என்று கருதப்பட்ட தீர்ப்புகள் மட்டுமே. அன்றாட ஆணைகள், இடைக்கால உத்தரவுகள், ஒற்றை வரியில் தள்ளுபடி செய்யப்பட்ட சிறப்பு அனுமதி மனுக்கள் ஆகியவற்றுக்கு உச்ச நீதிமன்ற இணையதளத்தின் வழக்கு நிலைப் பகுதிக்குத்தான் போக வேண்டும். ‘இதே கேள்வியில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே மனுவைத் தள்ளுபடி செய்திருக்கிறது’ என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது தேவைப்படுவது அந்த ஆணையின் நகல்தான். காரணம் சொல்லாமல் அனுமதி மறுத்த ஆணை சட்டத்தை வகுப்பதாகாது என்பதையும், அதில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு இணைந்துவிடாது என்பதையும் 2000ஆம் ஆண்டின் குஞ்ஞயம்மத் எதிர் கேரள மாநிலம் தீர்ப்பு விரிவாகப் பேசியிருக்கிறது. சேரும் முன் இத்தளத்தில் முழுமையாகப் படித்துவிட வேண்டிய தீர்ப்புகளில் அதற்கு முன்வரிசையில் இடம் தருவேன். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் எஸ்சிஆரில் கிடைக்காது. உயர் நீதிமன்ற நீதிபதியிடம் சேரப் போகிறவருக்கு இந்தத் தளம் பாதி வழிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளத்தையும் சேர்த்துப் பழகியாக வேண்டும்.

பின்வந்த தீர்ப்புகளைத் தொடர்ந்து போவதற்கு இலவசமாகக் கிடைக்கும் மற்றொரு துணை இந்தியன் கானூன். ஒரு தீர்ப்பு எவற்றை மேற்கோள் காட்டியது, அதைப் பின்னால் எவை மேற்கோள் காட்டின என்ற இரண்டு இணைப்புகளும் அங்கே பக்கத்தின் மேலேயே இருக்கும். அங்கே தடத்தைக் கண்டுபிடித்து, இ-எஸ்சிஆரில் அதிகாரபூர்வ வாசகத்தைச் சரிபார்ப்பதுதான் நான் பரிந்துரைக்கும் முறை. எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணச் சேவைகளின் பலம் வேறு. அவற்றின் பதிப்பாசிரியர்களின் குறிப்புகளும், ஒரே தேடலில் எல்லா நீதிமன்றங்களையும் அலசும் வசதியும் பணி நாட்களில் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பணியில் சேர்ந்த பிறகு நீதிமன்ற நூலகத்தின் வழியாகவே அத்தகைய சேவைகள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், சேரும் முன்னரே சொந்தப் பணத்தில் ஆண்டுச் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டணத் தளத்தின் பொத்தான்களைப் பழக ஓரிரு நாட்கள் போதும். தீர்ப்பை முழுதாகப் படிக்கும் பழக்கம் அவ்வளவு விரைவில் வந்துவிடாது.

தமிழ் வாசகர்கள் கேட்கக்கூடிய ஒன்று, தளத்தில் உள்ள தமிழாக்கங்களைப் பற்றியது. உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்திய சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளின் துணையோடு தீர்ப்புகள் பல இந்திய மொழிகளில் வெளியாகி வருகின்றன. தமிழும் அவற்றில் உண்டு. ஆயினும் உச்ச நீதிமன்றத்தின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 348ஆவது பிரிவு சொல்வதால், ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது. தமிழாக்கம் கட்சிக்காரர் புரிந்துகொள்வதற்கானது. எனவே நீதிபதிக்கான குறிப்பில் அதற்கு இடமில்லை. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களிலிருந்து வரும் வழக்குகளில் சாட்சியமும் ஆவணங்களும் தமிழில் இருப்பதால், இணைப்பாக வரும் ஆங்கில மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிடக்கூடிய லா கிளார்க்குக்குத் தில்லியில் தனி மதிப்பு உண்டு. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை விவரமோ, உயிலில் ஒரு நிபந்தனையோ மொழிபெயர்ப்பில் நழுவியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க அந்த அறையில் வேறு ஆள் இருக்கமாட்டார்.

சேருவதற்கு முந்தைய வாரங்களில் இத்தளத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை என்பேன். உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நீதிபதியின் பெயரை நீதிபதித் தேடலில் இட்டு, அவர் எழுதிய தீர்ப்புகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நிகழ்வுகளை எவ்வளவு நீளத்துக்குச் சொல்கிறார், வாதங்களை எதிரெதிராக வைக்கிறாரா கேள்வி வாரியாகப் பிரிக்கிறாரா, முன்தீர்ப்புகளிலிருந்து நீண்ட பகுதிகளை எடுத்தாளுகிறாரா அல்லது ஓரிரு வரியில் சாரத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறாரா என்பதைக் கவனித்தால், அவருக்கு எப்படிப்பட்ட குறிப்பு பிடிக்கும் என்பதில் பெரும்பகுதி முதல் நாளுக்கு முன்பே புலப்பட்டுவிடும். நீதிபதியின் பெயரில் தேடும்போது அவர் அமர்வில் மட்டும் இருந்த வழக்குகளும் சேர்ந்து வரும். தீர்ப்பை எழுதியவர் யார் என்பதைத் தனியாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவர் முன்பு உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது எழுதியவையும் பயனுள்ளவையே, ஆனால் அவை இங்கே கிடைக்காது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பணியில் சேர்ந்த பின் நீங்கள் தேடும் ஒவ்வொரு சட்டக் கேள்வியும் நீதிபதியின் முன் நிலுவையில் இருக்கும் ஏதோ ஒரு வழக்கைக் காட்டிக் கொடுக்கக்கூடியது. சொந்தப் பெயரில் கணக்கு வைத்திருக்கும் சேவைகளில் தேடல் வரலாறு சேர்ந்துகொண்டே போகும். வழக்குக் கட்டின் பகுதிகளைப் பொது உரையாடல் செயலிகளில் ஒட்டிச் சுருக்கம் கேட்பதோ ரகசியக் காப்பு உறுதிமொழியையே மீறுவதாகிவிடும். கணக்கே கேட்காத இ-எஸ்சிஆரில், கட்சிக்காரரின் பெயரை எங்கும் தட்டச்சு செய்யாமல், சட்டப் பிரிவையும் சொற்றொடரையும் மட்டும் கொண்டு தேடப் பழகியவருக்கு இந்தக் கவலை பெருமளவு குறைந்துவிடும்.